பித்தப்பை காட்டிக்கொடுத்த நோன்பு

என் கண்ணான ராத்தா,

ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாரும் உங்களிடம் வந்து சொல்லுமுன் நானே சொல்வது நல்லது. போன நோன்பில் பள்ளிவாசலுக்குக் கஞ்சி காய்ச்சும் வேலையை என்னிடம் தந்திருந்தார்கள். பதினோராம் நோன்பன்று, உப்புப் பார்க்கிறேன் என்று தொடங்கி இரண்டு கோப்பை குடித்துவிட்டேன். இறைச்சிக் கஞ்சி, ராத்தா. நீங்களென்றாலும்... இல்லை, நீங்கள் குடித்திருக்கமாட்டீர்கள்.

பின்னேர அஸர் தொழுகைக்கு முன்னமே வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டது. நீங்கள் இரண்டு நாள் கையால் அமத்திக்கொண்டு, "வாயுடா தம்பி, போயிரும்" என்று படுத்திருந்தீர்களே, அதே இடம். பித்தப்பை பழுதாகித்தான் நீங்கள் மௌத்தாகி மண்ணுக்குள் போனீர்கள் என்பதை என் மனுசி மறப்பாளா? அழுதுகொண்டே என்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினாள். பள்ளி நிருவாகத்தைப் பார்க்கும் மரைக்காரும் கூடவே ஏறிக்கொண்டார்.

அவசரப் பிரிவில் சின்ன வயதில் ஒரு டொக்டர். புதிதாக வந்த ஸ்கேன் மெசினைக் கட்டிலடிக்கே தள்ளிக்கொண்டு வந்து, என் வயிற்றில் குளிர்ந்த பசையைப் பூசினார்.

"கடைசியா எப்ப சாப்பிட்ட நீங்க?"

நான் வாயைத் திறக்குமுன் மரைக்கார் சொன்னார்: "விடியமுன்ன சஹருக்குத்தான் புள்ள. கஞ்சி காய்ச்சுற ஆள், உப்புக்கூட நாக்குல வெச்சுப் பாக்கமாட்டார்."

"ஓம்" என்றேன்.

டொக்டர் கருவியை விலாவுக்குக் கீழே அமத்தி, திரையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "வெறும் வயிறெண்டா பித்தப்பை நிறைஞ்சிருக்கணும். இது சுருங்கி, சுவர் தடிச்சுக் கிடக்கு. பழுதுபோலதான் தெரியுது. மட்டக்களப்புக்கு அனுப்புவம். ஒபரேசன் வேண்டிவரலாம்."

வயிற்றைக் கிழிக்கவிடுவதா, மானத்தைக் கிழிக்கவிடுவதா, ராத்தா?

"மரைக்கார், கொஞ்சம் வெளிய நில்லுங்களேன்."

"நோன்பாளிய உட்டுட்டு நான் எங்க போற?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டொக்டர், நான் உப்புப் பாத்த நான்."

"எவ்வளவு?"

"ரெண்டு கோப்பை."

மரைக்கார் கையை விட்டார். "அப்ப நேத்துக் கஞ்சி குறைஞ்சது?"

"அது ஒரு கோப்பைதான்."

மனுசியின் அழுகை நின்றது. "நீங்க மௌத்தாப்போனா ஓதுற கத்தத்துக்கு எந்த மாட்ட அறுக்கிறண்டு கூட யோசிச்சிட்டன்" என்றாள்.

டொக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "சாப்பிட்டா பை சுருங்கிறது வழமைதான். அனுப்பத் தேவையில்ல. இண்டைக்கு ஒண்டும் தின்னாம கிடங்க, காலையில திரும்பப் பாப்பம்."

காலையில் பை நுங்குபோல நிறைந்திருந்ததாம். கல்லுமில்லை, பழுதுமில்லை. சுடுகஞ்சியை அவசரமாக விழுங்கிய வாயு.

நீங்கள் வாயு என்றது வாயுவாக இருக்கவில்லை. நான் மௌத்தென்று நினைத்தது வெறும் வாயு. உங்கள் கட்டிலடிக்கும் அந்த மெசினைத் தள்ளி வந்திருந்தால்? நீங்கள் ஏசினாலும் பரவாயில்லையென்று நான் உங்களைத் தூக்கி ஏற்றியிருந்தால்?

மிச்ச நோன்பு முழுவதும் மரைக்கார் கஞ்சி அண்டாவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். அகப்பையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி நம் குடும்பத்தில் யாருக்கு விலாவில் வலித்தாலும் வாயுவென்று படுக்கவிடமாட்டேன், ராத்தா. இது வாக்கு. விட்ட இரண்டு நோன்பையும் திரும்பப் பிடித்துக் கழாச் செய்வேன், அதுவும் வாக்கு. முதலாவதை இன்றைக்குப் பிடித்திருக்கிறேன். இதை எழுதிக்கொண்டிருக்கையில் மேசையில் இருந்த வாழைப்பழம் இரண்டையும் மறதியாகத் தின்றுவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் கையால் காது நீண்ட கடைசித் தம்பி