பின்லாந்துக் கோல் வாசலில் நிற்கிற மனிதர்

மல்வேர்ன்,
ஸ்காபரோ.
ஐப்பசி 17, புதன்கிழமை.

அன்பு மகன் ரஜிதனுக்கு அம்மா எழுதுவது. பிள்ளையார் புண்ணியத்தில் நான் இங்கே எழும்பி நடமாடிக்கொண்டு இருக்கிறேன், முழங்கால் மட்டும் குளிர் வரப்போகுது என்று இப்பவே முறுகுகிறது. நீயும் மருமகள் ஸ்டெபனியும் கல்கரியில் நோய் நொடி இல்லாமல் இருக்கவேணும் என்று விளக்கு வைக்கிற நேரமெல்லாம் கேட்கிறேன். போனில் கதைக்க வெளிக்கிட்டால் எனக்கு அழுகை முந்திவிடும், பிறகு நீ அங்கே சாப்பிடாமல் படுப்பாய், அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தின கை, எழுத்துக் கோணலாக இருக்கும். நீயும் எழுத்துக் கூட்டித்தானே வாசிப்பாய், இரண்டு பேருக்கும் சரி, ஆறுதலாக வாசி. பின்னேரம் பேர்ணடெற் அன்ரி வந்து இந்தத் தாள்களைப் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவார்.

வீட்டில் புதினம் பெரிதாக இல்லை. பின் வேலியை வீட்டுக்காரன் இன்னும் திருத்தவில்லை, ஸ்டெபனி அனுப்பின கம்பளிக் காலுறை வந்தது, அளவு சரி. போன கிழமை ஒரு வெள்ளைக்கார மனிதர் தன் மகளின் ஸ்கேற்ஸ் இரண்டையும் தூக்கிக்கொண்டு கதவைத் தட்டி, மிஸ்டர் குஞ்சி இருக்கிறாரா, கூர் தீட்டவேணும் என்று அப்பாவைக் கேட்டார். அப்பா போய்ப் பத்து மாதம் ஆகிவிட்டது என்று எனக்கு இங்கிலீசில் சொல்லத் தெரியாமல் இல்லை. வாய் வரவில்லை. வேலைக்குப் போய்விட்டார் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த மனிதரும் பிறகு வாறன் என்று போய்விட்டார். இனி வந்தால் என்ன சொல்லுவது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. ஐஸ் ஹொக்கி முதலாளிமார் எங்கள் எல்லாருக்கும் கதவைப் பூட்டிவிட்டார்கள், ஒப்பந்தம் சரிவரும்வரை விளையாட்டும் இல்லை, சம்பளமும் இல்லை, பின்லாந்தில் ஒரு ரீம் என்னைக் கோல் காக்கிற கோலியாக வரச் சொல்லுது, வாற திங்கட்கிழமைக்குள்ள முடிவு சொல்ல வேணும், நீங்கள் என்னம்மா சொல்லுறீங்கள் என்று கேட்டாய். நான், மார்கழியில அப்பாவின்ர ஆண்டுத் திவசம் வருகுது, கொள்ளி வைச்சவன் நீ, கடலுக்கு அங்கால போய் நிண்டால் ஆர் செய்யிறது என்று கேட்டுவிட்டு டக்கென்று போனை வைத்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன் மகன், திவசம் என்றது சாட்டு. கல்கரி என்றாலும் தூரம்தான், ஆனால் ஒரு பிளேனில் வந்து இறங்குவாய். பின்லாந்து என்றதும் எனக்குப் பயம் பிடித்துவிட்டது. பயத்தைச் சொல்ல வெட்கப்பட்டு அப்பாவை முன்னுக்குப் பிடித்தேன். திங்கட்கிழமை கோயிலுக்குப் போய் ஐயரிடமும் கேட்டேன். பிள்ளை எந்த ஊரில் நின்றாலும் எள்ளும் தண்ணீரும் விடலாம் அம்மா, தகப்பனுக்கு விலாசம் தெரியாமல் போகாது என்று சொல்லிச் சிரித்தார். ஆகவே அந்தக் கதையை விட்டுவிடு, அதற்காக நீ நிற்க வேண்டாம்.

இனித்தான் நான் சொல்ல வந்தது. அப்பாவோடு வேலை செய்த நீக்கிலாஸ் அண்ணை இப்போது இங்கே கிட்ட இருக்கிற ஐஸ் அரங்கில் ஐஸைத் தேய்த்து மினுக்குகிற மெஷின் ஓட்டுகிறார். அவர் நேற்றுக் காலையில் போன் எடுத்து, தெய்வி, கதவு பூட்டின ரீம்களின்ர பெடியங்கள் இஞ்ச வந்து தாங்களே ஐஸ் வாடகைக்கு எடுத்து விளையாடுறாங்கள், வந்து பார், உன்ர மகன் என்ன வேலை செய்யிறான் எண்டு உனக்கு இண்டைக்கும் தெரியாது என்றார். அவர் சொன்னது சரிதான். உன்னைச் சின்னனில் விடியக் கூட்டிப்போனது எல்லாம் அப்பா, நான் அந்த நேரம் முதல் ஷிப்டில் நிற்பேன். பிறகு ரீவியில் போட்டாலும் உன் கோல் வாசலுக்கு ஆட்கள் வந்தவுடன் நான் குசினிக்குள் போய்விடுவேன். சத்தத்தை வைத்து அப்பா சொல்லுவார், வா வா, பிடிச்சிட்டான் என்று. அப்படித்தான் இவ்வளவு காலமும் பார்த்தேன்.

நேற்றுப் போய்க் கண்ணாடிக்குக் கிட்ட நின்றேன். மகன், எனக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவ்வளவு பெரிய உடம்புகள், ஒரு சத்தமும் இல்லாமல் வருகிறார்கள், கிட்ட வந்தபிறகுதான் ஐஸ் கிழிகிற சத்தம் கேட்கிறது, கேட்கிறதுக்கு முன்னம் அங்கால போய்விடுகிறார்கள். அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு என் முகத்துக்கு நேரே கண்ணாடியில் வந்து அடித்தது, நான் ஐயோ என்று கைப்பையோடு நிலத்தில் குந்திவிட்டேன். நீக்கிலாஸ் அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். எழும்பு, எழும்பு, கண்ணாடி இருக்கு, உன்ர மகனுக்குத்தான் கண்ணாடி இல்லை என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. இதற்கு முன்னால்தானா என் பிள்ளை நிற்கிறான். நான் குந்தினேன், நீ அதற்கு நெஞ்சைக் காட்டுகிறாய். எங்கள் இரண்டு பேரின் உடம்பிலிருந்து இப்படி ஒருவன் எப்படி வந்தான் என்று யோசித்துக்கொண்டே நின்றேன், கண்ணீர் வந்தது, ஆனால் அது துக்கக் கண்ணீர் இல்லை. அப்பா போனபிறகு வேறு கண்ணீர் வந்தது நேற்றுத்தான்.

இன்னும் ஒரு அதிசயம் கேள். அங்கே நின்ற இருபது பேரும் வேறு வேறு ரீம். போன மாரியில் ஒருத்தனை ஒருத்தன் சுவரில் அடித்தவர்கள். இப்போது தங்கள் பையைத் தாங்களே தூக்கிக்கொண்டு வருகிறார்கள், போத்தலில் தாங்களே தண்ணீர் பிடிக்கிறார்கள், கடைசியில் முட்டுக்காலில் இருந்து வட்டுகளைப் பொறுக்கி வாளியில் போடுகிறார்கள். ரீவியில் ஊரே கும்பிடுகிற ஆட்கள். நடுவர் இல்லை, சனம் இல்லை, நான் ஒரு கிழவியும் நீக்கிலாஸ் அண்ணையும்தான் பார்த்தோம், என்றாலும் சின்னப் பிள்ளைகள் மாதிரிச் சிரித்துக்கொண்டு விளையாடினார்கள். முடிந்தபிறகு எட்வேட் என்று ஒருவர், கதவு நிலைக்குக் குனிந்து வருகிற உயரம், என்னிடம் வந்து வாயைத் திறந்து ஓட்டைப் பல்லைக் காட்டினார். நான் பயந்துபோனேன். நீக்கிலாஸ் அண்ணை சொன்னார், உது உன்ர மகன் தடியால குடுத்ததாம், தன்ர வாசலில ஒருத்தரையும் நிற்க விடமாட்டானாம், நல்ல பிள்ளையாம் எண்டு சொல்லுறார் என்று. நான் சொறி சொறி என்று இங்கிலீசில் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கை இரண்டையும் பிடித்து, உங்கள் மனிதர் போனதுக்குத் துக்கம் என்று சொன்னார். நீ அவருக்குச் சொல்லியிருக்கிறாய் போல.

பிறகு நீக்கிலாஸ் அண்ணையை இடையில் வைத்துக்கொண்டு நான் எட்வேட்டிடம் பின்லாந்துக் கதையைக் கேட்டேன். அவரையும் ஒரு நாட்டில் கேட்டார்களாம், போகவில்லையாம், போனவர்களில் பிழை சொல்லவும் இல்லை, எல்லாருக்கும் விளையாடுகிற வயசு கொஞ்சம்தானே என்றார். முன்னுக்கு ஓடி விளையாடுகிற ஆள் போனால் எப்படியும் ஒரு இடம் ஒதுக்கலாமாம். கோலி போனால் அப்படி இல்லையாம், வாசல் ஒன்றுதானே. அப்ப இப்ப அங்க நிற்கிற மனிசனுக்கு என்ன நடக்கும் என்று கேட்கச் சொன்னேன். எட்வேட் தலையைச் சொறிந்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு ஓர வாங்கில் குந்தியிருந்து மற்றவர்களுக்குக் கதவு திறந்துவிடுவான், அல்லது கீழ்ரீமுக்குப் பெட்டி கட்டுவான் என்று சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது இதுதான் மண்டைக்குள் ஓடியது. மகன், உனக்கு இவ்வளவு நாளும் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து இரண்டாவது மாதம், உனக்கு மூன்று வயசு. ஒரு ஏஜென்சிக்காரன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் வேலை தாறன் என்றான், கார் இருக்கைக்கு உறை தைக்கிற வேலை. அந்த வாசலில் ஒரு நூறு பேர், கழுத்தில் ஏதோ எழுதின மட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு குளிருக்குள் வட்டமாகச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். நடுவில் ஒரு பீப்பாயில் நெருப்பு. எனக்கு என்ன தெரியும், இந்த ஊர்க் கோயில் நேர்த்தியாக்கும் என்று நினைத்து வானுக்குள் இருந்து இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டேன். அவர்கள் கத்தினார்கள், அதுவும் சாமி கூப்பிடுவது என்று நினைத்தேன். உள்ளே என்னை ஒரு மெஷினில் இருத்தினார்கள். இருக்கையில் கையால் தைத்த சின்ன மெத்தை, மெஷின் தலையில் மாதா படம். நல்ல இடம் தந்திருக்கிறார்கள் என்று சந்தோசப்பட்டுத் தைத்தேன். பின்னேரம் வான் வெளியே வரும்போது கூட்டத்துக்குள் இருந்து தமிழில் ஒரு குரல், ஏய் தங்கச்சி, என்ர மெத்தை சூடாய் இருந்ததா என்று கேட்டது. அதுதான் பேர்ணடெற் அன்ரி.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா விசாரித்துவிட்டு வந்து, அங்க கதவடைப்பு, நீ இருந்தது வேற ஒருத்தியின்ர கதிரையில, நாளைக்குப் போகாதே என்றார். வீட்டில் ஒரு சதம் இல்லாத நேரம். மறுநாள் விடிய வான் வந்து கோர்ன் அடித்தது, ஏஜென்சிக்காரன் கதவையும் தட்டினான், நாங்கள் உன்னையும் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே ஒளித்திருந்தோம். நீ கத்தாமல் இருக்க அப்பா உனக்கு வாய் நிறையப் பிஸ்கட் அடைத்தார். பிணக்கு முடிந்தபிறகு அதே பேர்ணடெற் அன்ரிதான் என்னைத் தேடிப் பிடித்து முறையாக உள்ளே எடுத்துவிட்டார். இன்றைக்கும், கும்பிட்டுக் கும்பிட்டு என்ர வயித்தில அடிச்சவள் நீ ஒருத்திதான் என்று சனத்துக்கு முன்னால் சொல்லிக் காட்டுவார். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன், ஆனால் அந்த மெத்தையை நினைத்தால் எனக்கு இன்னும் கூசும்.

நான் உன்னைப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. நேற்று அந்த ஐஸைப் பார்த்தபிறகு உன்னை விளையாடாமல் இரு என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. கடவுள் தந்த கையை மாரி முழுக்கச் சட்டைப்பைக்குள் வைத்திருப்பதும் பாவம். நான் தெரியாமல் இருந்துவிட்டேன், நீ தெரிந்துகொண்டு போ, அல்லது தெரிந்துகொண்டு நில். ஒன்று மட்டும் செய். ஓம் சொல்லுகிறதுக்கு முன்னம் அந்தப் பின்லாந்து மனிதருக்கு நீயே போன் எடு. உன் முகவரைக் கேட்க விடாதே, அவர் தன் பங்கைத்தான் பார்ப்பார். நான் வரலாமா, உனக்கு என்ன செய்வார்கள், பிள்ளை குட்டி இருக்கா என்று வாய் திறந்து கேள். நீ அவரோடு மாறி மாறி நிற்க ரீம் சம்மதித்தால் அது ஒரு வழி. அவர் மனம் சுருங்கிக் கதைத்தால் வீட்டுக்கு வா. இங்கே இருபது பேர் வாளிக்குள் வட்டுப் பொறுக்குகிறார்கள், இருபத்தோராவது ஆளாக நீயும் பொறுக்கு, எட்வேட் பல்லுக்குக் கணக்குத் தீர்க்கக் காத்துக்கொண்டு இருக்கிறார். எது என்றாலும் நான் போனில் அழமாட்டேன், இது சத்தியம்.

ஸ்டெபனியோடு கதைத்து முடிவெடு, அவளுக்குத் தெரியாமல் ஒன்றும் செய்யாதே. வேளைக்குச் சாப்பிடு, விளையாட்டு இல்லை என்று காலைச் சாப்பாட்டை விடாதே. நீ நூறு வயசுக்கு நல்லாய் இருக்கவேணும், எந்த ஐஸில் நின்றாலும் ஒரு அடியும் உன் கண்ணில் படாமல் அப்பா பார்த்துக்கொள்ளுவார். மறக்காமல் அந்தப் பின்லாந்து மனிதரின் பேரைக் கேட்டு எனக்கு எழுதிவிடு. வெள்ளிக்கிழமை உன் பேரில் அர்ச்சனை வைக்கும்போது அவர் பேரையும் சேர்த்துச் சொல்லப்போகிறேன். நட்சத்திரம் கேட்டால் என்ன சொல்லுவது என்று ஐயரிடம் கேட்டுவிட்டேன். தெரியாதவர்களுக்குப் பேர் மட்டும் போதுமாம்.

இப்படிக்கு,
உன் அம்மா
கு. தெய்வநாயகி