ஸ்வென் கொடுத்த பாராசூட் துணி

மே 6, 1968. திங்கள்.
கத்திரி வெயில். டிரங்குப் பெட்டியை முற்றத்தில் காயப்போட்டேன். பூச்சி உருண்டை தீர்ந்தது, வாங்க வேண்டும்.

பக்கத்து வீட்டு வள்ளி எட்டிப் பார்த்தாள். அடுத்த மாதம் கல்யாணம் அவளுக்கு. "அது இன்னா துணிம்மா, வெள்ளையா?"

பட்டு, என்றேன், கர்வமாக. யுத்தத்தின்போது என் நாடான டென்மார்க்கில், ஜெர்மன்காரர்களை எதிர்த்த எங்கள் ஆட்களுக்குப் பாராசூட்டில் துப்பாக்கிப் பெட்டிகள் இறங்கும். நான் நர்ஸ் உடுப்பில் ஆம்புலன்ஸ் ஓட்டி, நோயாளிக்கு அடியில் வைத்துக் கடத்துவேன். எங்களோடு இருந்த ஸ்வென் ஒரு பாராசூட்டை வெட்டி எனக்குத் துண்டு கொடுத்தான். "அசல் பட்டு. கல்யாணத்துக்கு வைத்துக்கொள்." அடுத்த மாதமே ஜெர்மன்காரர்கள் அவனைச் சுட்டுவிட்டார்கள். இருபத்துமூன்று வருஷம். கல்யாணமும் இல்லை, துணியும் கசங்கவில்லை.

இதில் நீயே கல்யாண ரவிக்கை தைத்துக்கொள் என்று வள்ளியிடம் சொல்லிவிட்டேன். என் வாய் சும்மா இருக்காது.

மே 7.
வெயில் அதே. வள்ளியின் அப்பா துரைசாமி வந்தார். முப்பது வருஷமாகப் பட்டுத் தறி. மகள் மேல் பட்டைத் தவிர வேறொன்றும் படக்கூடாது அவருக்கு. துணியைத் தடவினார். முகம் சரியில்லை. "ஒரு இழை நெருப்புல காட்டிப் பாத்துடலாம்மா."

"ஸ்வென் பொய் சொல்ற ஆளு இல்ல!" என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

மே 8.
என் டிஸ்பென்சரியில் ஒன்பது பேர். ஆறு பேருக்கு வேர்க்குரு.

மாலை நானே தீப்பெட்டியோடு போனேன். முதலில் தறியிலிருந்து ஒரு பட்டிழை கொளுத்தினார். முடி கருகும் நாற்றம், பொடிச் சாம்பல். பிறகு என்னுடையது. சுருங்கி, உருகி, கறுப்பு மணியாக இறுகிவிட்டது.

"நைலான்மா." நோயாளியின் சொந்தக்காரர்களிடம் நான் பேசும் அதே குரல்.

மே 9.
சாப்பிடவில்லை. செத்தவனோடு சண்டை போடவும் முடியவில்லை. பதினைந்து வருஷமாக, பட்டு நெய்யும் இந்த ஊரில் என்னிடமும் பட்டு இருக்கிறது என்று பீற்றிக்கொண்டேனே! அழுதேன். அயோடின் வாங்க வேண்டும்.

பின்வாசலில் வள்ளி, மூச்சிரைக்க. "நெசமாவே நைலானாம்மா?"

ஆமாம், போ.

"ரெண்டு வருசமா நைலான் கேட்டுக்கினு இருக்கேன், காலை ஒடிப்பேன்றாரு எங்க நைனா. எங்க வூட்ல எலிகூட பட்டுதாம்மா கடிக்குது! எனக்கே குடுத்துடுங்கம்மா."

மே 11.
துரைசாமியிடம் போனேன். "துப்பாக்கிப் பெட்டிய வானத்துலருந்து எறக்கின துணி. கிழிச்சிக் காட்டுங்க, நான் எடுத்துக்கினு போயிடறேன்."

இரண்டு கையாலும் இழுத்தார். காலில் மிதித்து இழுத்தார். பல்லால் கடித்தார். வேர்த்ததுதான் மிச்சம்.

"இழை கெட்டிதான்" என்று முனகினார்.

மே 14.
அவரே பட்டுக்குக் காய்ச்சிய சாயத்தில் முழுத் துணியையும் முக்கினார். சிவப்பு பளிச்சென்று ஏறிவிட்டது. அதற்கும் கோபம், யார் மேல் என்று தெரியவில்லை.

ஜூன் 6, வியாழன்.
கல்யாணம். துரைசாமி இருபது நாள் நெய்த புடவையை ஒரு பெண்ணும் பார்க்கவில்லை. எல்லாக் கையும் ரவிக்கை மேல். "நைலானாடி!" அவர் பந்தலில் உர்ரென்று நின்றார். சாப்பாடு ஆனதும் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து: "மீதி இருக்குதாம்மா? வூட்ல கேக்குது."

இல்லை என்றேன். கையை நீட்டிக் காட்டினேன். மீதியை நானே தைத்துப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். ஐம்பது வயதில், சிவப்பு ரவிக்கை.

கல்யாணத்துக்கு என்றாய். யாருடையது என்று சொல்லவில்லையே.

ஆனால் வேர்வை தாங்கவில்லை, ஸ்வென். பட்டாக இருந்திருக்கலாம்.