துண்டு போட்ட நாற்காலி

ராயப்பேட்டை,
திங்கட்கிழமை.

அன்புள்ள அல்போன்சாவுக்கு,

மாதா துணையில் நானும் ஜொவிட்டாவும் நலம். உன் கால் வீக்கம் குறைந்ததா? வார்டில் நாளெல்லாம் நின்றுகொண்டே இருக்கிறாய். படுக்கும்போதாவது காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொள்.

போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் காகிதத்தில் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் எழுதி நான் பட்ட அவமானம் போதும். இதை நம் ஜாக்சன் குவைத்துக்குத் திரும்பும்போது கொண்டு வருகிறான். உன் கைக்கு மட்டும்தான் வரும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. நம் பெண் ஜொவிட்டா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் லைவில் பாடிக்கொண்டிருந்தாள். நான் குளித்துவிட்டு வந்தால் கொடியில் ஒரு லுங்கிகூட இல்லை. மைக்கில் எதிரொலி வருகிறது என்று என் லுங்கிகளை எல்லாம் அவள் அறைச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறாள். கத்திக் கூப்பிட்டால் பாட்டு கெடும். ஃபிரிட்ஜ் மேல் என் போனில் அவள் லைவ் ஓடிக்கொண்டிருந்தது. அதில் கீழே எழுத இடம் இருந்தது. அவளுக்கு மட்டும்தான் போகும் என்று நம்பி, "அம்மாடி, என் லுங்கி எங்கே? துண்டோடு நிற்கிறேன்" என்று எழுதிவிட்டேன்.

கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் படித்துவிட்டார்கள். பாட்டு நடுவில் அவளே சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் பெசன்ட் நகரிலிருந்து சிங்கப்பூர் வரை எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, நைனாவுக்கு லுங்கி கிடைத்ததா என்பதுதான். பத்தாவதை இரண்டாம் முறையில் பாஸ் செய்ததற்குக் கிடைக்காத புகழ் இது. எனக்கு இப்போது பெயர் துண்டு நைனா.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கோயில் பாடகர் குழுவில் குரல் தடிப்பாக இருக்கிறது என்று இவளைப் பின்வரிசையில் நிறுத்தினார்கள் அல்லவா? போன மாதம் மயிலாப்பூரில் ஒரு சபாவில் போய்க் கேட்டாள். செயலாளர் ராஜகோபாலன், குரல் நன்றாகத்தான் இருக்கிறது, பெயர் வரட்டும் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். அதை அப்படியே லைவில் சொல்லிவிட்டாள். லைவ் கேட்கிறவர்களிடம் இவள் எதையும் மறைப்பதில்லை. ஒரே பாட்டுக்கு இரண்டு மெட்டுப் போட்டுக் காட்டி, எது நன்றாக இருக்கிறது என்று கேட்பாள். அவர்களும் சொந்த வீட்டுக் கல்யாணத்துக்குப் புடவை எடுப்பது போல வாதாடுவார்கள்.

அவர்களில் வைதேகி என்று ஒரு அம்மா, மயிலாப்பூரில் நடன வகுப்பு நடத்துகிறார். "எங்காத்து மாடி ஹால் சாயங்காலம் சும்மாதான் கிடக்கு, வந்து பாடேன்" என்று எழுதினார். அசோக் நகர் சாய்நாத் ஸ்பீக்கர் கொண்டு வருகிறேன் என்றார். நான் வழக்கம்போல வாயை வைத்தேன். விரலால் இதயம் அழுத்துகிறவர்கள் காலால் நடந்து வருவார்களா என்று கேட்டேன்.

"வருவாங்க நைனா. வரலன்னாலும் பாடுவேன்" என்றாள்.

ஆனால் அவள் பயம் எனக்குத் தெரியும். அவள் சொந்தக் காலில் நிற்கிற வரைக்கும் அங்கேயே இருப்பேன் என்று நீ சொன்னாய். கிறிஸ்துமஸுக்குள் ஆஸ்பத்திரியில் அடுத்த மூன்று வருஷத்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொன்னாய். அவள் பயந்தது காலி நாற்காலிகளுக்கு அல்ல, நீ போடப்போகும் அந்தக் கையெழுத்துக்கு.

நேற்று சாயங்காலம்தான் கச்சேரி. நல்ல மழை. நீ டூட்டியில் இருந்திருப்பாய். பாட வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஹாலில் பாதிகூட நிறையவில்லை.  நம் பெண் போனை எடுத்து லைவைப் போட்டு, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். பதில் மளமளவென்று வந்தது. மெட்ரோ வேலைக்குத் தெருக்களை அடைத்துத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். நம் பேட்டை நஸ்ருன்னிசா, "லஸ்லயே சுத்திக்கினு கீறோம்கா, எந்த சந்துன்னே தெரில" என்று எழுதியிருந்தாள். அவளைப் போல எத்தனையோ பேர்.

எதிரொலிக்காக ஹால் சுவரிலும் என் லுங்கிகள்தான் தொங்கின. நீலக் கட்டம் போட்டதை உருவிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினேன். அங்கே நின்று, இந்த முறை எல்லாரும் படிப்பார்கள் என்று தெரிந்தே எழுதினேன்: "நான்தான் துண்டு நைனா. பெட்ரோல் பங்க் பக்கத்துத் தெருமுனையில் லுங்கியை ஆட்டிக்கொண்டு நிற்கிறேன். என்னைப் பார்த்ததும் இடது பக்கம் திரும்பவும்."

வந்தார்கள், அல்போன்சா. ரெயின்கோட்டோடு ஸ்கூட்டரில், ஆட்டோவில், குடையில் மூன்று மூன்று பேராக. நைனா என்று கூவிக்கொண்டு, எனக்கென்று வாங்கி வந்த புது லுங்கிகளைக் கையில் திணித்துவிட்டுப் போனார்கள். இந்த ஜன்மத்துக்கு இனி லுங்கி வாங்க வேண்டாம். எல்லாரும் வாசலிலேயே தேங்கி நிற்க, எனக்குள் இருந்த பழைய கண்டக்டர் எழுந்துவிட்டான். "உள்ள போ, உள்ள போ, நடுவுல காலியா கீது பாரு" என்று ஏற்றினேன். கடைசியாக அந்த சபா செயலாளர் ராஜகோபாலன் வந்து நின்றார். பின்னால் வண்டி காலியாக வருகிறது சார் என்றேன். அவரே சிரித்துவிட்டார். படியில் ஒரு இடம் கொடுத்தேன்.

அவள் முதல் வரியைப் பாடினாள். இரண்டாவது வரியை ஹாலே பாடியது. ரேடியோவில் வராத பாட்டு. ஆனால் அது பிறந்ததை அவர்கள் கூடவே இருந்து பார்த்தவர்கள். அவள் நிறுத்திவிட்டு அவர்கள் பாடுவதைக் கேட்டாள். தடிப்பான அந்தக் குரல் மறுபடி எழுந்தபோது ஜன்னல் கம்பி அதிர்ந்தது. முடிவதற்குள் அடையாறுக்காரர்கள் அடுத்த கச்சேரிக்கு இடம் பேசிவிட்டார்கள். நம் பெண் சொந்தக் காலில் நின்றுவிட்டாள்.

ஒன்று மட்டும் பாக்கி. முன்வரிசையில் என் பக்கத்து நாற்காலியில் துண்டு போட்டு வைத்திருந்தேன். 29சி பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்தவர்களோடு காலமெல்லாம் சண்டை போட்ட நானேதான். அவ்வளவு கூட்டத்திலும் யாரையும் உட்காரவிடவில்லை. வைதேகி அம்மா, யாருக்கு என்று கேட்டார். ஆள் வருது என்றேன். எப்போது என்றார்.

கிறிஸ்துமஸுக்கு என்று வாய்வரை வந்தது.  பேனா உன் கையில் அல்லவா இருக்கிறது?

மாதா உன் கால்களுக்குச் சுகம் கொடுத்து நல்லபடி நடத்தட்டும். அடையாறுக்கும் அந்தத் துண்டை எடுத்துப் போவேன்.

உன்,
பவுல்சாமி