பெயர் மாறிய உழுந்து

ஆகஸ்ட் 4, திங்கள்
சிட்னிக் குளிர்காலம், காலை ஆறு பாகை. பென்டில் ஹில் கிடங்கில் விரல் விறைப்பு. தமிழ்நாட்டு உழுந்து கொண்டெய்னர் வந்து இறங்கியது. முதல் மூட்டையைப் பிரித்தேன். பொடி மணி, மினுக்கம். உள்ளே வண்டு.

மார்ச்சில் தேர்ந்தெடுத்த உழுந்து இதுவல்ல. அப்போது பார்த்த இரண்டு மாதிரிப் போத்தல்களையும் அலமாரியிலிருந்து எடுத்தேன். 'தமிழ்நாடு' என்று ஒட்டியதில் பெரிய மணி, மங்கல், சுத்தம். 'வவுனியா' என்று ஒட்டியதில் பொடி மணி, மினுக்கம், செத்த வண்டு.

அன்று லேபல்கள் கழன்று விழுந்தன. ஞாபகத்தில் திருப்பி ஒட்டியவன் நான். மாற்றி.

ஆக. 5, செவ்வாய்
வவுனியா உழுந்து சிவநேசனுடையது. பள்ளியில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். 'சிட்னிக்கு எடுப்பிக்கிறேன், நீ விதை' என்று சொன்னது நான். வண்டு இருக்கிறது, வேண்டாமாம் என்று சொன்னதும் நான். "ஓம் மச்சான், பிழை எங்கடை பக்கந்தான்" என்றான். அது காதை விட்டுப் போகவில்லை.

முதலாளியிடம் சொன்னேன். மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போய் வந்த திருநீற்றோடு நின்றார். "இப்ப என்ன செய்யிறது? வந்ததை மருந்தடிக்க அனுப்பு. அடுத்த முறை பாப்பம்." அவ்வளவுதான்.

வாங்க வேண்டியது: பால், இருமல் மருந்து.

ஆக. 7, வியாழன்
மழை. நேற்று முழுக்க போனை எடுப்பதும் வைப்பதும். இன்று மதியம் அடித்தேன். சிவநேசனின் மனைவி தவம் எடுத்தாள்.

"அவர் வெளி முத்தத்தில நிக்கிறார் அண்ணை. இனி உழுந்து போடமாட்டாராம்."

"ஏன்?"

"நான் ஒழுங்காக் காயவைக்கேல்லையாம். அதாலதான் வண்டு பிடிச்சதாம். அஞ்சு மாசமா என்னோட முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை."

சொன்னேன். லேபல், போத்தல், என் கை, எல்லாம்.

அழுவாள் என்று நினைத்தேன். இல்லை.

"நாலு நாள் பாயில பரப்பி, பின்னேரத்தில ஒவ்வொரு மணியாக் கடிச்சுப் பாத்தனான்."

மன்னிப்புக் கேட்டேன்.

"எனக்குச் சொல்லி என்ன? ஸ்பீக்கரில போடுறன், அவரிட்டச் சொல்லுங்கோ. நான் பக்கத்தில நிண்டு கேக்கவேணும்."

செருப்புச் சத்தம். பிறகு அவன் குரல், சந்தோஷமாக. "ஆர், மச்சானோ?"

சொல்லத் தொடங்கினேன்.