பேர் எழுதிய கட்டில்

யூன் 10, செவ்வாய்

சோழகக் காற்று. காலையில் கூட்டிய முற்றத்தில் பத்து மணிக்கே மறுபடி புழுதி.

தையல் தொழிற்சாலையில் நான்கு நாள் லீவு கேட்டேன். மேற்பார்வையாளர் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்: "இடுப்பு முறிஞ்சது அம்மாவுக்கோ, உமக்கோ?" அம்மாவுக்கு. "அப்ப மூண்டு நாள் காணும்."

வார்ட்டில் டொக்டர் சொன்னவை:
– நிலத்தில் படுக்கக்கூடாது.
– குந்தக்கூடாது.
– கட்டில் முழங்கால் உயரத்துக்குக் குறையக்கூடாது.
– வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

கடைசியை நல்ல செய்திபோலச் சொன்னார். எங்கள் வீட்டில் கட்டிலே இல்லை. இரண்டு அறை, குசினி, பிளாஸ்டிக் கதிரை நான்கு, கதவு மூடாத அலுமாரி ஒன்று. வீட்டுத்திட்டத்தில் வந்தவர்கள் சீமெந்துப் பையை எண்ணினார்கள், ஓடுகளை எண்ணினார்கள், திறப்புவிழாவுக்குப் படம் எடுத்தார்கள். உள்ளே மனிதர் எதில் படுப்பார்கள் என்பது எந்தப் படிவத்திலும் இல்லை. அன்றிலிருந்து பாய்தான்.

அம்மா வயல் வரம்பில் வழுக்கி விழுந்ததற்கும் பாய்க்கும் சம்பந்தமில்லை. ஆனால் இனிப் பாயிலிருந்து எழும்ப முடியாது. இடுப்பில் பிளேட்.

வரும் வழியில் தளபாடக் கடையில் புதுக் கட்டில் பார்த்தேன். விலையைக் கேட்டேன். வெளியே வந்தேன்.

யூன் 11, புதன்

கிளிநொச்சி. ஏ-9 ஓரத்துப் பழைய சாமான் கடை. மேலே தரப்பாள், காற்றில் படபடவென்று அடிக்கிறது. முதலாளி தவம் அண்ணை, ஐம்பது வயதிருக்கும், காதில் பென்சில். அங்கே கிடந்தவை:

மேசை எட்டு. மூடிப்போன திட்ட அலுவலகங்களுடையவை. பெயர்களின் மேல் மண்ணிற பெயின்ட். ஒன்றில் "வாழ்வாதார" மட்டும் மிச்சம்.
பள்ளிக்கூடக் கதிரைகள். எப்படி வந்தன என்று கேட்கக்கூடாது.
சாவியில்லாத அலுமாரிகள்.
தொட்டில் ஒன்று, உள்ளே பூனை.

நாட்டை விட்டுப் போகிறவர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். சாமான் மட்டும் எங்களுக்கு.

"என்ன தங்கச்சி, ஒற்றைக் கட்டிலோ ரெட்டைக் கட்டிலோ?"

"அம்மாவுக்கு. ஒற்றை காணும். உயரம் வேணும்."

"இதைப் பாருங்கோ. முதிரை மரம். பத்துப் பேர் ஏறி நிண்டு ஆடலாம்."

"அவா ஆடமாட்டா. இடுப்பு ஒப்பிரேசன்."

அம்மா கேட்கப்போகிற கேள்வியை நானே முந்திக் கேட்டேன். "ஆரும் செத்த கட்டிலோ?"

"சீச்சீ! இப்ப ஆர் வீட்டிலை சாகினம்? எல்லாரும் ஆஸ்பத்திரியிலைதான்." பிறகு, நான் கேட்காமலே: "நல்ல ஆக்கள் வீட்டுச் சாமான். ஒண்டுக்கும் யோசியாதேங்கோ."

நல்ல ஆக்கள் என்றால் இங்கே என்ன சாதி என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பக்கத்தில் மேசை பார்த்துக்கொண்டிருந்த மனுசிக்கும் அதே வசனத்தை, அதே குரலில் சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

பொருத்துகளில் டோர்ச் அடித்து மூட்டைப்பூச்சி தேடினேன். இல்லை. எடுத்துவிட்டேன்.

யூன் 12, வியாழன்

கட்டில் வந்தது. எங்கள் ஒழுங்கைச் சுதன் அண்ணையின் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில், துண்டு துண்டாக. "கட்டிலோ விறகோ, வதனி? சொன்னால் அதுக்கேத்த மாதிரி இறக்கலாம்."

கால் நான்கு, பக்கப் பலகை இரண்டு, தலைப்பலகை, குறுக்குச் சட்டம் எட்டு. ஒன்பதாவதைக் காணவில்லை. கோழிக்கூட்டிலிருந்து ஒரு பலகை கழற்றினேன்.

பூட்டும்போதுதான் பார்த்தேன். பக்கப் பலகையின் உள்பக்கம், வெள்ளை பெயின்ட்டில்: க. நாகேசு, உடையார்கட்டு.

சாமானில் பேர் எழுதுவது இந்தப் பக்கத்து வழக்கம். கலியாண வீடு, செத்த வீடு என்று கதிரையும் கட்டிலும் சோறு காய்ச்சும் கிடாரமும் இரவல் போகும். பேர் இல்லாவிட்டால் திரும்பி வராது. இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் ஒரு உழவு இயந்திரத்தில் நாலு குடும்பத்துச் சாமான் ஏறியபோது இன்னும் கூடியது. எங்கள் கிடாரத்தில் அப்பாவின் பேர் இருக்கிறது. அப்பா இல்லை.

நாகேசு ஐயாவை எனக்குத் தெரியும். கடைசிச் சண்டைக் காலம், நான் சின்னப் பிள்ளை. உடையார்கட்டில் அவருடைய வளவில் தரப்பாள் கட்டி ஒன்றரை மாதம் இருந்தோம். சலூன்காரர். சலூன் அடிபட்ட பிறகு வேப்பமரத்தடியில் கதிரை போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் தலைமயிர் வெட்டினார். பேன் பிடித்த என் தலையை ஒட்ட வெட்டிவிட்டு, அழ அழக் கண்ணாடியைக் காட்டினார். "அழாதையும் பிள்ளை, இனிப் பேனுக்கும் இருக்க வீடில்லை." செல் விழுகிற ஊரில் அப்படியொரு பகிடி. நான் சிரித்தேன்.

தவம் அண்ணைக்கு ஃபோன் அடித்தேன். கிழவர் பூவரசங்குளத்துக்கு மகனோடு இருக்கப் போய்விட்டாராம். வீட்டை விற்றுச் சாமானையும் விற்றார்களாம். சுகமாய் இருக்கிறாராம்.

அம்மாவிடம் சொன்னால் சந்தோசப்படுவார்.

யூன் 13, வெள்ளி

மேலே உள்ள கடைசி வசனத்தை வெட்டவில்லை. கிடக்கட்டும்.

அம்மாவை ஓட்டோவில் கொண்டு வந்தேன். ஒவ்வொரு குழிக்கும் "முருகா". வோக்கரைப் பிடித்து வந்து கட்டில் விளிம்பில் இருந்தார். பலகையைத் தடவினார்.

"நல்ல முதிரை. எங்கை எடுத்தனீ?"

"கிளிநொச்சியிலை. ஆற்றை கட்டில் தெரியுமோ? நாகேசு ஐயான்ரை! உடையார்கட்டு."

கை நின்றது. "எந்த நாகேசு?"

"சலூன் வைச்சிருந்தவர். அவற்றை வளவிலைதானே இருந்தனாங்கள்."

அம்மா வோக்கரை எட்டிப் பிடித்தார். "பிள்ளை, அந்தக் கதிரையை இஞ்சாலை இழு."

"ஏன்? இப்பதானே இருந்தனீங்கள்."

"இழு எண்டு சொன்னனான். அவன்ரை கட்டிலிலையோ நான் படுக்கிறது?"

அவருக்கு எழுபத்தைந்துக்கு மேல். அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு. அவன்.

சாவு பற்றிக் கேட்டால் சொல்ல எல்லாப் பதிலும் வைத்திருந்தேன். எங்கள் அம்மா, ஒரே அடுப்பில் பத்துக் குடும்பம் கஞ்சி காய்ச்சிய முகாமில் இருந்தவர், இதையெல்லாம் அங்கேயே விட்டிருப்பார் என்று நினைத்திருந்தேன்.

"அவற்றை கிணத்திலை ஒண்டரை மாசம் தண்ணி குடிச்சனாங்கள், அம்மா."

"அது இடம்பெயர்ந்த காலம்."

"அப்ப இது?"

"இது வீடு."

பிறகு நான் கூடக் கதைத்தேன். ஒப்பிரேசனில் ரெண்டு பைக்கற் ரத்தம் ஏத்தினவை, அதிலை பேர் எழுதியிருந்ததோ என்று கேட்டேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். "நீ படிச்சனீ. கதைப்பாய்."

கட்டில் இந்த வீட்டை விட்டுப் போகாது என்று சொல்லியிருக்கிறேன். சத்தமாகவே.

யூன் 14, சனி

மு.ப. 7. அம்மா இரவு முழுக்கப் பிளாஸ்டிக் கதிரையிலேயே. தலையணை ஒன்று முதுகுக்கு, ஒன்று காலுக்கு. இரண்டு கணுக்காலும் வீங்கிவிட்டன. விரலால் அமத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது.

வார்ட்டுக்கு ஃபோன். நேர்ஸ் கத்தினார்: "இரவிரவா இருக்க விட்டனீரோ? ரத்தம் கட்டிப்போனால் தெரியுமோ என்ன நடக்குமெண்டு? உடனை படுக்க வையும்."

அம்மா சொல்கிறார், பாயைப் போடு. பாயில் படுத்தால் எழுப்பும்போது பிளேட் கழன்றுவிடும். மாட்டேன் என்றேன்.

"மஞ்சள் தண்ணி தெளிக்கட்டோ கட்டிலுக்கு?" நக்கலுக்குத்தான் கேட்டேன். அம்மா உண்மையாகவே யோசித்தார். பிறகு, "மரத்திலை ஊறினது போகாது."

தொழிற்சாலையிலிருந்து இரண்டு அழைப்பு. எடுக்கவில்லை.

மு.ப. 11. இடது கால் இன்னும் கூட. நாகேசு ஐயாவுக்கு நான் கொடுக்கிற மரியாதைக்கு அம்மாவின் கால் விலை என்றால், அந்த மரியாதை யாருக்கு? எனக்கா, அவருக்கா? அவருக்கு இது தெரியவே போவதில்லை.

தவம் அண்ணைக்கு அடித்தேன்.

"அண்ணை, அந்தக் கட்டிலிலை பேர் கிடக்கு."

"எங்கை? ...அட, பக்கப் பலகையிலையோ? சுரண்ட மறந்துபோனன். குறை நினையாதேங்கோ தங்கச்சி. கொண்டு வாங்கோ, மாத்தித் தாறன். நான் எல்லாத்திலையும் சுரண்டிறனான்."

"எல்லாத்திலையுமோ?"

"பின்னை? பேரோடை இஞ்சை ஆர் வாங்குவினம்?"

"நான் வாங்கினனான்."

"ஓம், வாங்கினியள். இப்ப திருப்பிக் கொண்டு வாறியள்."

பி.ப. 1. பக்கத்து வீட்டு அக்கா அம்மாவோடு. சுதன் அண்ணை மறுபடி லான்ட்மாஸ்டருடன். "என்ன வதனி, ரெண்டு நாளிலை விவாகரத்தோ? கட்டில் என்ன பிழை விட்டது?"

உள்ளேயிருந்து அம்மா அக்காவுக்குச் சொல்வது கேட்டது: "வீட்டுக்குள்ளை ஏத்தக்கூடாத சாமானை ஏத்திப்போட்டாள்."

சுதன் அண்ணைக்கு விளங்கிவிட்டது. பகிடி நின்றது. கயிற்றை இறுக்கிக்கொண்டே, என்னைப் பாராமல், "என்ரை பெட்டியிலை ஆர் ஆற்றை சாமான் ஏறினதெண்டு நான் எழுதி வைக்கிறேல்லை. உங்கடை நெல்லும் இதிலைதான் போறது. அம்மாட்டைச் சொல்லும்."

சொல்லவில்லை.

பி.ப. 3. கடை. தவம் அண்ணை வேறொரு கட்டிலைத் தட்டிக் காட்டினார். பாலை மரம். உயரம் சரி. "இது கோயில் ஐயர் வீட்டுக் கட்டில்."

சற்றுமுன் ஒரு கிழவனாருக்கு ஒரு மேசையையும் ஐயர் வீட்டு மேசை என்றுதான் விற்றார்.

"ஐயர் வீட்டிலை எத்தினை சாமான் அண்ணை இருந்தது?"

குரலைத் தாழ்த்தினார். கோபமில்லை, களைப்பு. "தங்கச்சி, உங்கடை அம்மா படுக்கோணுமோ, இல்லையோ?"

பக்கப் பலகையைப் புரட்டினேன். உள்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு மரம் பள்ளமாயிருந்தது. அதற்கு மேல் புது வார்னிஷ், மற்ற இடத்தைவிடக் கறுப்பு. விரலால் தடவினேன். எழுத்து ஒன்றும் கையில் படவில்லை. நன்றாகவே சுரண்டியிருக்கிறார். நாகேசு ஐயாவைப்போல ஒருவருடையதாக இருக்கலாம். எங்களைப்போல ஒருவருடையதாகவும் இருக்கலாம்.

சுதன் அண்ணையும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். "ஏத்தட்டோ?"

"ஏத்துங்கோ."

நாங்கள் வெளிக்கிட முதலே தவம் அண்ணை மற்றக் கட்டிலைக் கவிழ்த்து உளியை எடுத்துவிட்டார். லான்ட்மாஸ்டர் ஸ்டார்ட் எடுக்கும்வரை அந்தச் சத்தம் கேட்டது.

பி.ப. 5. பூட்டியாயிற்று.

"ஆற்றை?" அம்மா கதிரையிலிருந்து.

"கடைக்காரர் ஐயர் வீட்டுக் கட்டில் எண்டவர்."

"கீழை பாத்தனியோ? பேர் ஏதும்?"

"இல்லை."

பொய் இல்லை. அதுதான் அசிங்கம். நேற்று அவ்வளவு கதைத்த வாய்.

அம்மாவைத் தூக்கிப் படுக்க வைத்தேன். கால்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். "அப்பாடா" என்றார். பிறகு, "நேற்று அம்மா பேசினது மனசிலை வையாதை." எதைப் பேசினது என்று கேட்கவில்லை. தேத்தண்ணி போட்டேன், குடிக்க முதல் நித்திரையாகிவிட்டார்.

யூன் 15, ஞாயிறு

காற்று இன்னும். வாங்க வேண்டியவை: வலி மருந்து, வோக்கருக்கு ரப்பர், சவர்க்காரம், கோழிக்கூட்டுக்குப் பலகை.

அம்மா இரண்டு தரம் தானாக எழும்பி இருந்தார். கட்டில் விளிம்பைப் பிடித்து, மெதுவாக. சரியான உயரம்.

பூவரசங்குளம் பஸ் வவுனியாவிலிருந்து எத்தனை மணிக்கு என்று விசாரித்தேன். போய் என்ன சொல்வது என்று யோசித்தேன். உங்கள் கட்டில் எங்கள் வீட்டில் இரண்டு நாள் இருந்தது, ஐயா. இதற்கு மேல் ஒரு வசனமும் வரவில்லை.

யூன் 16, திங்கள்

மு.ப. 4.40. வீக்கம் வடிந்திருக்கிறது. விரலால் அமத்திப் பார்த்தேன், குழி நிற்கவில்லை. அம்மா எழும்பவில்லை. சோறும் பருப்பும் மூடி வைத்தேன். அக்கா ஏழு மணிக்கு வருவார். சனிக்கிழமைக்குச் சம்பளம் வெட்டுவார்கள், ஓ.ரீ. வேலை, கூடுதல் நேரம், கேட்டுப் பார்க்க வேண்டும். 5.10 பஸ்.