முதலில் உன் சுவிட்ச்

சுதா, என் தம்பி,

நேற்று மதியம் திரையில் எழுத்து வந்துவிட்டது. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றது.

நீ போய் முப்பத்தோரு நாள். புதூர்ப் பக்கம் மழை. டவுன் பஸ் சக்கரங்களில் கரிசல் அப்பிக்கொண்டு வருகிறது. அம்மா மறுபடி மூன்று வேளையும் சமைக்கிறாள். நான் இன்னும் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பவில்லை. வேறு என்ன சொல்ல?

உன்னை அறியாதவர்களும் இதை வாசிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம். அப்பா முப்பது வருடம் நூல் மில்லின் இரைச்சலில் நின்றவர். ஓய்வு பெற்றபோது காது அநேகமாக இல்லை. காதுக்கு மெஷின் வாங்கினோம். அதில் இரைச்சல்தான் பெரிதாகக் கேட்டது. நீ உள்ளங்கை அளவில் ஒரு கணினிப் பலகை வாங்கி, லினக்ஸ் ஏற்றி, ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து டிவியோடு இணைத்தாய். மேசைமேல் ஒரு மைக். நாங்கள் பேசுவது டிவியில் பெரிய எழுத்தாக ஓடியது.

நம் ஊர்ப் பேச்சு அதற்குப் பிடிபடவில்லை. அதனால் வீட்டில் எல்லோரும் செய்தி வாசிப்பவர்களைப் போலப் பேசினோம். "உணவு தயாராக உள்ளது" என்று அம்மா சொன்ன அன்று நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

பிறகு காய்ச்சல். திருநெல்வேலியில் ஆஸ்பத்திரி. உன்னோடு நான் மட்டும். மூன்றாம் நாள் நீ இல்லை.

வீட்டில் அந்தச் சேதியை மாமா காலண்டர் தாளின் பின்புறம் எழுதி அப்பாவின் முன் நீட்டியிருக்கிறார். அன்றிலிருந்து யாராவது தாளும் பேனாவும் எடுத்தால் அப்பா எழுந்து போய்விடுகிறார்.

உன்னைக் கொண்டுவந்து இறக்கிய அன்றே அப்பா என்னிடம் கேட்டார். "ஏட்டி, அவன் என்னக் கேட்டானா?"

நீ கேட்கவில்லை. வரவேண்டாம் என்றாய். இதை எப்படிச் சொல்வது? தாளில் எழுதவும் முடியாது. சத்தமாகச் சொன்னால் தெருவுக்குக் கேட்கும், அப்பாவுக்குக் கேட்காது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். வேண்டுமென்றே அவரை விட்டுவிட்டேன் என்று நினைத்திருப்பார்.

பதினாறு நாளும் டிவி அணைந்திருந்தது. அதன்மேல் வேட்டியைப் போட்டு மூடியிருந்தார்கள். பதினேழாம் நாள் அம்மா சுவிட்சுகளைப் போட்டாள். திரை கறுப்பு. ஓர் எழுத்து இல்லை.

எனக்கு நிம்மதியாக இருந்தது, சுதா. அப்பாவுக்கு இன்னும் பதில் சொல்ல வேண்டியதில்லை. உன்னிடம்தான் இதைச் சொல்ல முடியும்.

ஆனாலும் அப்பா தினமும் அந்தக் கறுப்பின் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நான் கேபிளைக் கழற்றி மாட்டினேன். பலகையின் இன்னொரு துளையில் செருகிப் பார்த்தேன். நகம் அளவு கார்டை எடுத்துத் துடைத்துப் போட்டேன். பஸ் ஸ்டாண்டு அருகே புது கேபிள் வாங்கினேன். கறுப்பு. உன் கூடப் படித்த ஜாபருக்குப் போன் செய்தேன்.

"பச்ச லைட்டு மின்னுதாக்கா?"

"மின்னுது."

"அப்ப உசிரு இருக்கு."

"நேர்ல வாரேன்" என்று வைத்துவிட்டான்.

வர அவனுக்கு ஒரு வாரம் ஆனது. உன் நாற்காலியில் உட்காரவில்லை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, "அம்மா, எல்லாத்தையும் அணைச்சிட்டு நீங்களே போடுங்க, பாப்போம்" என்றான்.

அம்மா முதலில் உன் பெட்டியின் சுவிட்சைப் போட்டாள். பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பச்சை விளக்கு மின்னி ஓயும்வரை நின்றாள். அப்புறம்தான் டிவியின் மேலிருந்த துணியை எடுத்தாள். அதன் சுவிட்சைப் போட்டாள். இத்தனை நாளும் அப்படித்தான். வேறு யாரையும் அவள் சுவிட்சைத் தொடவிட்டதில்லை.

"இதான் சங்கதி" என்றான் ஜாபர். "பெட்டி எந்திரிக்கையில எதுத்தாப்ல திரை இருக்கான்னு பாக்கும். இல்லன்னா படத்தையே அனுப்பாது. பெறவு டிவியப் போட்டாலும் திரும்பிப் பாக்காது. டிவிய மொதல்ல போடுங்கம்மா."

நீ இருந்தபோது டிவி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். பெட்டியைத்தான் அணைத்து அணைத்துப் போடுவாய். எங்களுக்கு எப்படித் தெரியும்?

"அது எப்படிப்பா" என்றாள் அம்மா. "அவன் சாமானத் தொடாம டிவியப் போடவா? எனக்கு ஏலாது."

ஜாபர் வாதாடவில்லை. கார்டை எடுத்துத் தன் லேப்டாப்பில் செருகி, ஏதோ ஒரு கோப்பில் ஒரே ஒரு வரி எழுதினான். "திரை இருந்தாலும் இல்லாட்டியும் அனுப்புன்னு எழுதியாச்சு. அவிய இஷ்டப்படியே போடட்டும்."

போட்டாள். முதலில் உன்னுடையது. பிறகு டிவி. வெள்ளை எழுத்துகள் மேலிருந்து ஓடின. ஜாபர் மைக்கில் வணக்கம் என்றான். வணக்கம் என்று வந்தது.

அவன் போகும்வரை அப்பா பொறுத்திருந்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இப்பச் சொல்லுட்டி. அவன் என்னக் கேட்டானா?"

செய்தி வாசிப்பதுபோலத்தான் சொன்னேன். அதற்கு அதுதானே புரியும்.

"கேட்கவில்லை அப்பா. உங்களை அழைத்து வருகிறேன் என்றேன். தம்பி வேண்டாம் என்றான். இங்கே திரை இல்லை, நான் பேசுவது அப்பாவுக்குக் கேட்காது, வாய் மட்டும் அசைவதைப் பார்த்துப் பயந்துவிடுவார் என்றான். நான் அவன் சொன்னபடி செய்தேன்."

எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. அப்பா இரண்டு முறை வாசித்தார். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

"கிறுக்குப்பய" என்றார். அவருடைய வழக்கமான உரத்த குரல். "மில்லுல அம்புட்டு எரச்சல்ல ஒருத்தன் வாய ஒருத்தன் பாத்துத்தான பேசுனோம். அவன் நிறுத்திப் பேசுவான். அவன் பேசுதது பூராம் எனக்குத் தெரியும்லா. நீயும் உங்கம்மையும் வாயத் தெறக்காம முணுமுணுன்னு பேசுதீக. உங்க ரெண்டு பேருக்குத்தான் எனக்கு இந்தப் பெட்டி வேணும்."

பெட்டியைப் பார்த்தபடி, "அவன்ட்ட சொல்லல. ஆசையாச் செஞ்சிருக்கானேன்னு இருந்துட்டேன்" என்றார்.

அவர் சொன்னதையும் மைக் எடுத்தது. பாதி எழுத்து சரியாக, பாதி தப்பாக. அப்பா அதையும் வாசித்துக்கொண்டிருந்தார்.

நீ பேசியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும், சுதா. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போதும். நம் மூவரில் யார் முதலில் சொல்லியிருக்க வேண்டும்?

இன்று காலை அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தேன். மைக்கைத் தள்ளி வைத்தேன். காபி வேணுமா என்று கேட்டேன். மூன்று தடவை. மூன்றாம் தடவை, "வேணும்" என்றார்.

பழகிக்கொள்வேன், தம்பி. மெதுவாக, வாயைத் திறந்து, அவர் முகத்தைப் பார்த்துப் பேசப் பழகிக்கொள்வேன். உன்னிடம் பேசாமல் விட்டதை எல்லாம் அவரிடம் பேசுவேன்.

உன் கூடப் பிறந்தவள்,
அக்கா