மண்ணில் நட்ட குதிரைவால்

இன்று காலை குப்பை கொட்டக் கீழே போனேன். வாய்க்கால் ஓரத்தில் சிமெண்டுத் தரையைப் பிளந்துகொண்டு மூன்று பச்சைக் குச்சிகள் நின்றன. இலை கிடையாது, பூ கிடையாது. கணுக்கணுவாக, சின்ன மூங்கில் மாதிரி. உனக்கு அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. குதிரைவால் செடி. நீ இறந்து எட்டு மாதம் ஆகிறது, அது திரும்பி வந்திருக்கிறது.

இதை நான் கொண்டுவந்தது, நாம் பட்டர்வொர்த் பக்கம் ஆற்றங்கரையில் தூண்டில் போட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. மீன் ஒன்றும் சிக்கவில்லை. வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல், சேற்றில் கூட்டமாக நின்ற இந்தச் செடியில் ஒரு கொத்தைப் பிடுங்கிப் பையில் போட்டேன். நீ ஒரு தண்டைக் கணுவில் கழற்றி, மறுபடி செருகிக் காட்டினாய். "தொட்டியில வைடா. மண்ணுல வெச்சா அப்புறம் நம்ம பேச்சைக் கேக்காது" என்றாய்.

டத்தோ கிராமாட்டில் நம் அடுக்குமாடியின் கீழ்த்தோட்டத்தைச் சம்பளம் வாங்காமல் பார்த்துக்கொண்டவன் நீ. மண்வெட்டி அறையின் சாவி எப்போதும் உன் இடுப்பில் தொங்கும். எனக்குத் தொட்டி வாங்கச் சோம்பல். உன்னிடம் சொல்லாமல் வாய்க்கால் ஓரமாகவே நட்டுவிட்டேன்.

அடுத்த வருட மழையில் அதன் வேர் வாய்க்காலை அடைத்து, கீழ்வீட்டு அக்காவின் கூடத்துக்குள் தண்ணீர் ஏறியது. குடியிருப்போர் கூட்டத்தில், "இந்தச் சனியன யாரு வெச்சது?" என்றார்கள். எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். நீ என்னைப் பார்த்தாய். நான் மின்விசிறியைப் பார்த்தேன். "நான் எடுத்துடுறேன்" என்றாய். அன்றே சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

மூன்று சனிக்கிழமை தோண்டினாய். நான் பை பிடித்தேன். அதை உதவி என்று வேறு நினைத்துக்கொண்டேன். நீ திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "ஒரு துண்டு வேரு இருந்தாலே போதும்டா, திரும்ப வரும்" என்றதோடு சரி. அதற்குப் பிறகும் பதினோரு வருடம் கடையில் ஒரே மேசையில் தே தாரிக் டீ குடித்தோம். நான் ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வெட்கம்தான், வேறென்ன.

இன்று நான் அங்கேயே நிற்பதைப் பார்த்துவிட்டு, குடியிருப்பின் புதுச் செயலாளர், சின்னப் பெண், பக்கத்தில் வந்தாள். "செத்துப்போன அந்தத் தோட்டத்து அங்கிள் வெச்சது, இன்னும் போகல பாருங்க."

"அவன் வைக்கலம்மா. நான்தான் வெச்சேன்."

சொல்லிவிட்டேன். அவள் போனிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"யாரு வெச்சா என்னலா அங்கிள். நாளைக்கு மருந்தடிக்க ஆள் வருது."

இத்தனை வருடம் நான் பயந்தது இவ்வளவுக்குத்தான். இதைக் கேட்டிருக்க வேண்டிய ஆள் நீ ஒருவன்தான்.

மருந்து வருமுன் ஒரு குச்சியை வேரோடு தோண்டி மேலே கொண்டுவந்துவிட்டேன். வாசலில், உன் வீட்டுக் கதவு தெரிகிற பக்கமாக வைத்திருக்கிறேன்.

தொட்டியில்தான்டா.